பூஜ்யம் என்று வந்த ரத்தம்

போத்தனூர்
9.2.1994

அன்புள்ள மெர்சிக்கு,

நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதை நம்பலாமா என்று இதைப் படித்துவிட்டு நீதான் சொல்ல வேண்டும்.

நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் டாக்டர் சென்னகிருஷ்ணன் ரத்தத்தில் உள்ள செல்களை எண்ணும் ஒரு சோதனையைப் புதிதாகத் தொடங்குகிறார், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தம் வேண்டும், போய்க் கொடுங்கள் என்று எழுதியிருந்தாயே. கொடுத்தேன். மற்றவர்களுக்கெல்லாம் கணக்கு வந்தது. எனக்கு மட்டும் பூஜ்யம். சிடி4 என்கிற புரதம் உள்ள செல் ஒன்றுகூட என் ரத்தத்தில் இல்லையாம். மறுபடி எடுத்துப் பார்த்தும் அதேதான். "ஏனுங் ரவி, உடம்புக்கு ஒண்ணும் பண்றதில்லீங்களே?" என்று கேட்ட டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எய்ட்ஸ் வந்தால் அந்த செல்தான் குறையுமாம். லேபிலிருந்து யாரோ வெளியே சொல்ல, பேச்சு மில் வரைக்கும் வந்துவிட்டது. கேன்டீனில் என் டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைக்கிறார்கள். எப்போதும் என்னோடு ஜோடியாக மிஷினைப் பிரிக்கிற வேங்கடசாமி வேறு ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டான். பொண்டாட்டி சீமையில் படிக்கிறாள், இவன் எங்கே போனானோ என்கிறார்கள்.

உனக்கு போன் போடலாம் என்று பூத் வரை போனேன். வரிசையில் நாலு பேர் நிற்கும்போது இதை எப்படிப் பேசுவது? திரும்பி வந்துவிட்டேன்.

நான் எங்கும் போகவில்லை மெர்சி. ரிப்போர்ட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

உன்
ரவி


பர்மிங்ஹாம்
20.2.1994

அன்புள்ள மாமாவுக்கு,

கர்த்தர் உங்களோடு இருப்பார். நீங்கள் நலமாக இருக்கிறீர்கள். இதை நான் கேள்வியாக எழுதவில்லை.

ரிப்போர்ட்டைப் பார்த்தேன். நோயை எதிர்க்கிற டி-செல் மொத்தம் எழுபது சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். அதில் சிடி8 வகை இருபத்தைந்து. அப்படியானால் மீதி நாற்பத்தைந்து யார்? அவைதான் சிடி4 செல்கள். உங்கள் உடம்பில் ஜோராக இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிக்கப் போட்ட ஆன்டிபாடிக்குத்தான் அடையாளம் தெரியவில்லை.

நீங்கள் ஃபிட்டர், உங்களுக்குச் சொன்னால் புரியும். ஆன்டிபாடி ஒரு ஸ்பேனர் மாதிரி. புரதத்தில் ஒரே ஓர் இடத்தைத்தான் பிடிக்கும். அந்த இடம் பிறவியிலேயே சற்று மாறியிருந்தால் பிடிக்காது. ஸ்பேனர் பிடிக்கவில்லை என்றால் போல்ட்டே இல்லை என்பீர்களா? இப்படிச் சிலருக்கு இருப்பதை வெளிநாடுகளில் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கெடுதலும் இல்லை.

இரண்டு காரியம் செய்யுங்கள். முதலில் எச்.ஐ.வி. சோதனை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, சோமனூர் அக்காவின் ரத்தத்தையும் டாக்டரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள் என்பதால் இது இரண்டு பக்கமிருந்தும் உங்களுக்கு வந்திருக்கலாம். அக்காவுக்கும் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. நம் கல்யாணத்திலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை என்பது தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
மெர்சி


போத்தனூர்
8.3.1994

அன்புள்ள மெர்சிக்கு,

எச்.ஐ.வி. இல்லை என்று தாள் வாங்கிவிட்டேன். "அது உடனே தெரியாதாமா" என்கிறார்கள் மில்லில். அதுகூடப் பரவாயில்லை. அந்தச் சோதனையை எடுங்கள் என்று நீ எழுதிய இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். உனக்கும் ஒரு சந்தேகம் இருந்ததா?

அக்காவிடம் சொல்ல நேரில் போனேன். பழனியாத்தாளை உனக்குத் தெரியுமே. தறியை நிறுத்தாமலே கேட்டாள். எல்லாம் சொல்லி முடித்ததும் நிறுத்தினாள்.

"ஏஞ்சாமி, இத்தனையும் எங்கிட்டச் சொல்லாம வெச்சுக்கிட்டு இருந்துபோட்டியே! யாரு எடுக்கச் சொன்னது எம்பட ரத்தத்தை?"

"மெர்சிதானுங்க்கா."

கையிலிருந்த நூலைப் போட்டுவிட்டு எழுந்தாள். "அத்தனை தூரத்துல இருந்து உன்னை நம்பறா பாரு. சரி, நட. நாளைக்கே போலாம்" என்றாள்.

அவளுக்கும் பூஜ்யம்! டாக்டர் தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா சிரிக்கிறாள். "மூணு பெத்து, நாலு தறி ஓட்டறனுங்க டாக்டரு. எனக்கு அந்தப் பூஜ்யமே போதுமுங்க!"

திரும்பும்போது மில் கேட்டில் இறங்கி, கேன்டீனில் என் டம்ளரில் டீ வாங்கி எல்லோரும் பார்க்கக் குடித்துவிட்டுப் போனாள். வேங்கடசாமி எழுந்து வெளியே போய்விட்டான்.

உன்
ரவி


பர்மிங்ஹாம்
19.3.1994

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை லேபிலேயே பிரித்துப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அக்காவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

சந்தேகம் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்திருந்தால் நேராகவே கேட்டிருப்பேன்; உங்களிடம் கேட்க எனக்கென்ன பயம்? ஊர் வாயை அடைக்க ஒரு தாள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் ஏன் என்று சேர்த்து எழுதியிருக்க வேண்டும். உங்களுக்கு வலித்ததை எழுதினீர்களே, அதுவே எனக்குப் பெரிது.

இங்கே எங்கள் லேபிலிருந்து லீவில் ஊருக்கு வருகிற டாக்டர் யாகூப் கையில், ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் வேறொரு சிடி4 ஆன்டிபாடி அனுப்புகிறேன். இது அதே புரதத்தை இன்னோர் இடத்தில் பிடிக்கும்.

இன்னொரு விஷயம். உங்கள் இருவர் ரத்தத்தையும் பற்றிக் கேட்ட என் புரொபசர், இதைத் தொடர்ந்து ஆராய இன்னும் மூன்று வருடம் இங்கேயே இரு, வேலை தருகிறேன் என்கிறார். இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் மனதில் உள்ளதை எழுதுங்கள்.

உங்கள்
மெர்சி


போத்தனூர்
14.4.1994

அன்புள்ள மெர்சிக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். ஃபிளாஸ்க் வந்தது. டாக்டர் என்னையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். கறுப்பில் பச்சைப் பச்சையாக அத்தனை செல்கள் ஒளிர்கின்றன! எனக்கு நூற்றுக்கு நாற்பத்து நாலு, அக்காவுக்கு நாற்பத்தாறு. இரண்டு கூடுதல் என்று அவளுக்கு ஒரே பெருமை.

டாக்டர் தானாகவே மில்லுக்கு வந்தார். எல்லோரையும் நிற்கவைத்து, "தப்பு எங்க சோதனையிலீங்க, இவருகிட்ட இல்லீங்க" என்றார். வேங்கடசாமி பழைய ஷிப்டுக்கே வந்துவிட்டான். இன்னும் நான் அவனோடு சரியாகப் பேசவில்லை. பேசுவேன், கொஞ்ச நாள் ஆகட்டும்.

உன் புரொபசருக்கு என் பதில் இது. ரத்தம் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், அக்காவும் தருவாள். மூன்று வருடம் மட்டும் தர எனக்கு மனமில்லை. உன் படிப்புக்குக் குறுக்கே நிற்கிறேன் என்றால் அதையும் சொல்லிவிடு. ஆனால் கேட்டாய், அதனால் உள்ளதை எழுதினேன்.

உன்
ரவி


பர்மிங்ஹாம்
26.4.1994

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகப் புரொபசர் அறைக்குப் போனேன். இந்தச் செல்களை எடுத்த அன்றே பார்த்தால்தான் சரியாக இருக்கும், இங்கே வருவதற்குள் பாதி வீணாகிவிடும், அதனால் இந்த வேலை கோயம்புத்தூரில்தான் நடக்க முடியும் என்றேன். அவர் யோசித்தார். நான் உட்காரவே இல்லை. கடைசியில் சரி என்றார். ஆன்டிபாடிகளை இங்கிருந்து அனுப்புவார்கள். போனில் கேட்டதுமே டாக்டர் சென்னகிருஷ்ணன் தன் லேபில் ஒரு மேஜையை எனக்கென்று ஒதுக்கிவிட்டார். இரண்டு ஆன்டிபாடியிலும் பார்க்காமல் இனி ஒருவருக்கும் பூஜ்யம் என்று எழுதக் கூடாது என்று அவரிடம் முதலிலேயே உறுதி வாங்கிவிட்டேன்.

நீங்கள் குறுக்கே நிற்கவில்லை. எனக்கும் இங்கே இருந்தது போதும்.

ஜூன் நான்காம் தேதி மெட்ராஸில் இறங்கி, மறுநாள் காலை ரயிலில் கோயம்புத்தூர் வருகிறேன். ஸ்டேஷனிலிருந்து நேராக லேபுக்குப் போகலாம், முதல் ரத்தம் உங்களுடையதுதான். இதற்கு வெறும் வயிறு தேவையில்லை, சாப்பிட்டுவிட்டே வாருங்கள்.

வாரேனுங்க.

மெர்சி