திறந்து பார்க்க வேண்டாத பெட்டி

மார்ச் 3, திங்கள்

ஆறு வருட உழைப்பு இன்று காலைப் பேருந்தில் மலையேறிவிட்டது. மின்சாரம் எட்டாத ஊர்களுக்குத் தடுப்பூசி மருந்தைக் கெடாமல் கொண்டுபோகிற பெட்டி. அதன் சுவருக்குள் எங்கள் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய மெழுகு இருக்கிறது. ஒருமுறை உறையவைத்தால் ஐந்து நாள் குளிர் தாங்கும். ஆய்வகத்தில் ஒரு மணி நேரம்கூடக் குறைந்ததில்லை.

மலையில் இருக்கும் நர்ஸ் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார். சோதனை என்பதால் உள்ளே வெறும் தண்ணீர்க் குப்பிகள்தான். இது தேறினால் எத்தனையோ நாட்டு மலைகளுக்கும் தீவுகளுக்கும் போகும். தேறும். நான் செய்த பெட்டியாக்கும்.

மார்ச் 8, சனி

மூக்குடைந்தது. மூன்றாம் நாளே பன்னிரண்டு டிகிரி. எட்டைத் தாண்டினாலே மருந்து குப்பைக்குத்தான்.

வெப்பத்தையும் மூடி திறப்பதையும் குறித்துவைக்க உள்ளே வைத்திருந்த பதிவுக் கருவியைப் பார்த்தேன். முதல் நாள் மட்டும் மூடி நாற்பத்தொரு முறை திறந்திருக்கிறது. அவர் போனது ஒன்பது வீடு. மிச்சம் முப்பத்திரண்டு தடவ எதுக்கு? விளையாட்டுச் சாமானா இது?

பேராசிரியர் குரலை உயர்த்தாமலே சொன்னார்: "பெட்டிய ஏத்துக்கலாமான்னு முடிவு பண்ண ஏப்ரல்ல நிபுணர் குழு கூடுது. அதுக்குள்ள இன்னும் ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம். அதுவும் போச்சுன்னா இந்த ஆராய்ச்சிய இத்தோட விட்டுட வேண்டியதுதான்."

மார்ச் 9, ஞாயிறு

என் வீட்டுக்காரர் சொல்கிறார்: "நீயும்தான் அடுப்புல வச்சத பத்து தடவ தொறந்து பாக்குற." இன்றைய சமையலை அவர் தலையில் கட்டினேன்.

மார்ச் 11, செவ்வாய்

சண்டை போடத்தான் மலைக்குப் போனேன். நர்ஸ் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மூடியை ஏன் அத்தனை தடவை திறந்தீர்கள் என்று கேட்டேன்.

"ஏம்மா, உள்ள குளிர் இருக்கா போச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? கைய விட்டுத்தானே பாக்கணும்?"

"உள்ள இருக்குறது தண்ணி தானே, சிஸ்டர்?"

"நாளைக்கு இதுலதானே நெஜ மருந்து வச்சுத் தரப்போறீங்க? நம்பலாமான்னு பாத்தேன்."

போன வருஷம் அவரிடம் இருந்த பழைய ஐஸ் பெட்டி ஏமாற்றியிருக்கிறது. கெட்டுப்போன மருந்து என்று தெரியாமல் முப்பது குழந்தைகளுக்குப் போட்டுவிட்டார். தெரிந்ததும் முப்பது வீட்டிலும் ஏறி, உள்ளதைச் சொல்லி, மறுபடி ஊசி போட்டிருக்கிறார். "சில பேரு இன்னும் என் மூஞ்சியப் பாத்துப் பேசுறதில்ல" என்று சொல்லிவிட்டு எனக்குத் தேநீர் ஊற்றினார்.

திரும்பும்போது பேருந்தில்தான் உறைத்தது. ஆய்வகத்தில் ஐந்து நாளும் அந்த மூடியை நாங்கள் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. மருந்தை எடுக்கவே முடியாத பெட்டியை வைத்துக்கொண்டு சாதனை, சாதனை என்று பீற்றியிருக்கிறேன் — வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

மூடியைத் துளைத்து, வெளியே ஒரு முள் வெப்பமானி பொருத்திவிட்டேன். பேட்டரி வேண்டாம். முள் பச்சையில் நின்றால் மருந்து நல்லது, சிவப்புக்குப் போனால் கெட்டது. கடையில் கிடைக்கிற சாமான்தான். பேராசிரியர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆறு வருஷமா இது நமக்குத் தோணலையே?" எனக்கும் அதே கேள்விதான். ஆனால் இந்தத் தடவை தேறும். எழுதியே வைக்கிறேன்.

மார்ச் 24, திங்கள்

பெட்டி திரும்பிவிட்டது. முதல் நாள் மூடி இருபத்திரண்டு முறை திறந்திருக்கிறது. முள் சொல்வது நிஜமா என்று கையை விட்டுப் பார்த்திருக்கிறார், மகராசி. இரண்டாம் நாள் பதிமூன்று. அதற்கப்புறம் ஒரு வீட்டுக்கு ஒரு முறை, அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் மாலை: ஆறு டிகிரி.

ஏப்ரல் 4, வெள்ளி

குழு ஒப்புக்கொண்டது. எட்டு நாடுகளுக்கு அனுப்பப் போகிறார்கள். முதல் பெட்டி நர்ஸுக்கு.

ஏப்ரல் 28, திங்கள்

நிஜ மருந்தோடு முதல் நாள். கூடவே நடந்தேன்.

எடுத்த எடுப்பிலேயே மேட்டுத் தெருவுக்கு ஏறினார். "பக்கத்து வீடுங்கள விட்டுட்டு ஏன் இங்க?" என்றேன். "அந்த முப்பது வீட்டுலதான் மொதல்ல ஆரம்பிக்கணும்" என்றார்.

முதல் வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண். போன வருஷம் இவளுடைய மூத்த பிள்ளைக்குத்தான் இரண்டு தடவை ஊசி. கதவைப் பாதி திறந்தபடியே, "இந்தத் தடவயாச்சும் மருந்து நல்லா இருக்கா?" என்று கேட்டாள்.

நர்ஸ் பெட்டியைத் தோளிலிருந்து இறக்கி, முள் அவள் பக்கம் தெரியும்படி திருப்பி வைத்தார்.

"நீயே பாரு. முள்ளு பச்சைல நின்னா மருந்து நல்லா இருக்குன்னு அர்த்தம்."

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு நகர்ந்து வழிவிட்டாள்.