தொட்டிக்குள்ளிருந்து மூன்று தட்டு

அம்மாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? தைலம் தீர்ந்திருந்தால் அக்காவிடம் வாங்கித் தரச் சொல்.

இந்தக் குடியிருப்பில் மொட்டைமாடி மழைநீர்தான் சமையலுக்கும் குளிக்கவும். வால்வைத் திறந்தால் அது குழாய் வழியாகத் தரையடித் தொட்டிக்கு வரும். மழைக்கு முன் தொட்டியைக் கழுவுவது என் வேலை. ஒருவர் உள்ளே இறங்கினால், மேலே இருப்பவர் அவ்வப்போது குழாயில் மூன்று தட்டுத் தட்டுவார். உள்ளே இருப்பவரும் மூன்று தட்டினால் நலம் என்று அர்த்தம்.

போன வாரம் ஒரு வேடிக்கை. வேலை முடிந்து நான் மேலே ஏறி வந்ததும், துணைக்கு மேலே நின்ற பிளம்பரும் நானும் மூடியைப் போட்டுவிட்டோம். பழக்கதோஷத்தில் குழாயைத் தட்டினேன். உள்ளிருந்து மூன்று தட்டு திரும்பி வந்தது!

"குழாய்ல காத்து அடைச்சிருக்கும், வாப்பா," என்றார் பிளம்பர், என் முகத்தைப் பார்க்காமல். திறந்து பார்த்தேன், யாரும் இல்லை. நீ பயப்படாதே.

எனக்கு முன்னால் இந்த வேலை பார்த்தவன் ஊருக்குப் போய்விட்டானாம். ஆனால் ஊரிலிருந்து அவன் அம்மா எழுதும் கடிதங்கள் வாட்ச்மேன் மேசையில் பிரிக்காமல் கிடக்கின்றன. அதனால் உறைமேல் என் பெயரைப் பெரிதாக எழுது. அவனுடைய பூட்ஸைத்தான் நான் போட்டுக்கொள்கிறேன், எனக்கென்றே வாங்கியதுபோல் இருக்கிறது. எத்தனை காயவைத்தாலும் உள்ளே ஈரம். காலுறை இரண்டு ஜோடி அனுப்பு.

இன்று காலை குழாயருகே குனிந்து, "உங்கம்மா லெட்டர் போட்டிருக்காங்கப்பா," என்று சொல்லிவிட்டுத் தட்டினேன். பதில் வந்தது. மூன்றோடு நிற்கவில்லை, இன்னும் தட்டிக்கொண்டே இருக்கிறது.

மழை பிடித்துவிட்டது. தொட்டிக்குத் தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லி பிளம்பர் கூப்பிடுகிறார். எனக்குத்தான் கை வரவில்லை, அம்மா.

உன் மகன்