மேனேஜரின் திடீர்க் கரிசனம்

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம், இருமல்கூட இல்லை.

எங்கள் லாண்டரி மேனேஜர் சிரித்தாலே நான் உஷாராகிவிடுவேன். போன வாரம், "சாப்ட்டியாப்பா?" என்று கேட்டார். மறுநாள் எனக்குப் புது நாற்காலி வந்தது. பிறகு, "புதுசா வந்தவனுக்கு இஸ்திரி மெஷின் ஓட்டக் கத்துக்குடு" என்றார். என் சீட்டைக் கிழிக்கத்தான் இத்தனை கரிசனம் என்று முடிவு கட்டி, ஊருக்கு வர அலமாரி மேல் கிடந்த பெட்டியை இறக்கித் துடைத்தும் வைத்துவிட்டேன்.

இன்று கூப்பிட்டு, "இனிமே நீதான் சூப்பர்வைசர், அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். வேலை போகவில்லையே என்று எனக்கு முகம் தொங்கிவிட்டது. நாளை சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். பெட்டியை இன்னும் மேலே ஏற்றவில்லை.

மெஷின் சூடேறிவிட்டது, போக வேண்டும். என் கட்டிலைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டீர்களா? சும்மாதான் கேட்டேன்.

உங்கள் மூத்தவன்