மூணு வாட்டி கேக்கணும்

பீரோவைத் திறந்தால் உன் சாம்பல் நிற மப்ளர்தான் முதலில் கண்ணில் படுகிறது. ஆம்பூர் வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

போன வாரம் லேனா உன் வீட்டுக்கு வந்திருந்தாள். நீ ஜெர்மனியில் படிக்கப் போன இடத்தில் உன்னோடு ஒரே அறையில் இருந்தவள். காய்ச்சலில் கிடந்து நீ கண்மூடியபோது பக்கத்தில் இருந்தவளும் அவள்தான். அதற்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ வயிற்றெரிச்சல். ஒண்ணாம் கிளாஸிலிருந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான். கடைசியில் உட்கார்ந்தது அவள்.

அங்கே போன புதிதில் போனில் புலம்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? "இங்க ஒரு வாட்டி வேணாம்னு சொன்னா தட்டையே எடுத்துட்டுப் போய்டறாங்கடீ. கூச்சப்பட்டு இன்னிக்குப் பூரா பட்டினி." நான் ஷூ கம்பெனி கேன்டீனில் புரையேறச் சிரித்தேன். நம்மூரில் முதல் வேணாம் மரியாதைக்கு, இரண்டாவது கூச்சத்துக்கு. மூன்றாவது தடவை கேட்டால்தான் தட்டை நீட்டுவோம். அந்தச் சிரிப்பு நம் இரண்டு பேருக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

உன் அம்மா பிரியாணி பரிமாற வந்தபோது லேனா தமிழிலேயே "வேணாம்" என்றாள். அம்மா மறுபடி கேட்டார். மறுபடியும் வேணாம். மூன்றாவது தடவை சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினாள். அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "எம் பொண்ணு எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கா பாரு." எனக்குச் சோறு இறங்கவில்லை. நம்ம சங்கதியை அவளுக்கு ஏன்டீ கொடுத்தாய்?

கிளம்பும்போது பையிலிருந்து உன் மப்ளரை எடுத்து என்னிடம் நீட்டினாள். "வேணுமா?"

"வேணாம்" என்றேன் வெடுக்கென்று. மடித்து உள்ளே வைத்து ஜிப்பை இழுத்துவிட்டாள். எனக்குத் திக்கென்றது. அவள் ஊரில் ஒரு வேணாமோடு எல்லாம் முடிந்துவிடுமே. வாய்விட்டுக் கேட்க ரோஷம் விடவில்லை.

ஆட்டோவில் ஏறியவள் இறங்கி வந்தாள். "வேணுமா?" வேணாம் என்று தலையாட்டினேன். என் பிடிவாதத்தைப் பார். அவள் நகரவே இல்லை. மூன்றாவது தடவை கேட்டாள். கையை நீட்டிவிட்டேன்.

நீ கற்றுக்கொடுத்த தமிழில் அவள் மெதுவாகச் சொன்னாள்: "அவ சொன்னா. நீ ரெண்டு வாட்டி பொய் சொல்லுவ."

அவள்மேல் பொறாமை இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் அங்கே உட்கார்ந்து நீ என்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறாய்.