ஸ்வேதா பேரில் ஒரு வீடு

நாயுடுபுரம்,
கொடைக்கானல்.

அன்புள்ள ஸ்வேதாவின் அப்பாவுக்கு சுமதி எழுதிக்கொள்வது. நானும் பிள்ளையும் சுகம். உங்கள் முதுகுவலி குறைந்து, வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்லிப் பழகிவிட்டேன். இது சரி என்று சொல்ல முடியாத சங்கதி. அதனால் எழுதி, லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் முகேஷிடம் கொடுத்து விடுகிறேன். கூக்காலிலிருந்து என் அப்பா அனுப்பிய பூண்டும் பையில் இருக்கிறது. வழக்கம்போல எல்லாவற்றையும் கூட்டாளிகளுக்குக் கொடுத்துவிடாமல் நீங்களும் சாப்பிடுங்கள்.

வீட்டை விற்று, உங்கள் நண்பர் அங்கே தொடங்கும் கடையில் பணத்தைப் போடலாம் என்கிறீர்கள். இடித்துவிட்டு காட்டேஜ் கட்ட ஆள் தயார் என்கிறீர்கள். நான் வேறு முடிவு செய்துவிட்டேன். வீட்டை ஸ்வேதா பேருக்கு எழுதி வைக்கப் போகிறேன். முன்வீட்டு வாடகை என் காலம் உள்ளவரை எனக்கே வரும். அவளுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை கோர்ட் அனுமதி இல்லாமல் யாரும் விற்க முடியாதாம். பத்திரம் எழுதும் ஞானவேல் அண்ணன், “நல்லா யோசிச்சுக்கங்கம்மா. எழுதிட்டா நீங்களே கேட்டாலும் திரும்ப வராது” என்றார். அதற்காகத்தான் எழுதுகிறேன் என்று சொன்னேன்.

கோபப்படாதீர்கள். உங்களிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. நகையைக் கேட்டீர்கள், கழற்றிக் கொடுத்தேன். கவுஞ்சித் தோட்டத்தில் என் பங்கைக் கேட்டீர்கள், கையெழுத்துப் போட்டேன். பூண்டு நன்றாக விளைந்த வருஷம் அப்பா எனக்கு வாங்கிக் கொடுத்த இந்த வீடு ஒன்றுதான் மிச்சம். நீங்கள் இன்னும் இரண்டு தரம் கெஞ்சினால் இதையும் கொடுத்துவிடுவேன். வீடு என் பேரில் இருக்கும்வரை எனக்கு என்மேலேயே பயமாக இருக்கிறது.

கல்யாணமான புதிதில் சீசனுக்குச் சீசன் இந்த வீட்டை நாமே காலி செய்வோமே, நினைவிருக்கிறதா? சித்திரை பிறந்தால் கட்டில், பீரோ எல்லாவற்றையும் டூரிஸ்ட்டுகளுக்கு விட்டுவிட்டு, பின்கட்டுச் சமையல்கட்டில் நீங்களும் நானும் அடுப்பை ஒட்டிப் பாய் விரிப்போம். நீங்கள் வெள்ளனே எழுந்து அவர்களுக்கு வெந்நீர் காய்ச்சுவீர்கள். மப்ளரும் குல்லாவுமாக நின்ற உங்களை மதுரைக்காரர் ஒருவர் வாட்ச்மேன் என்று நினைத்து, “வீட்டு ஓனர் எங்கப்பா இருக்காரு?” என்று கேட்டார். நீங்கள் கொஞ்சமும் சிரிக்காமல், “அவரு மஸ்கட்ல இருக்காருங்க” என்றீர்கள். அவர் கொடுத்த டிப்ஸில் ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு, மழையில் நனைந்துகொண்டே நடந்து வந்தோம். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. அன்றைக்கு விளையாட்டாகச் சொன்னதுதான் இப்போது நிஜமாகிவிட்டது. இப்போது முன்வீட்டில் இருக்கும் அஜய் சார் ஓனர் எங்கே என்று கேட்டால் நானும் அதைத்தான் சொல்கிறேன். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பின்கட்டில் இப்போது நானும் பிள்ளையும்தான். ஜன்னலோரம் ஒழுகிய இடத்தைச் சரிசெய்தாயிற்று. அடுப்படிதான் இன்னும் கதகதப்பு. பத்திரத்தில் இன்னொன்றும் எழுதச் சொன்னேன்: பின்கட்டில் நீங்களும் நானும் காலம் முழுக்கக் குடியிருக்கலாம் என்று. ஞானவேல் அண்ணனுக்குச் சிரிப்பு. “பெத்த புள்ள வெளிய போகச் சொல்லுமாம்மா? இதப் போயி எதுக்கு எழுதிக்கிட்டு” என்றார். இருக்கட்டும், இரண்டு பேர் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள் என்றேன். நம் இரண்டு பெயரும் ஒன்றாக ஏதாவது ஒரு தாளில் இருக்கட்டும் என்று ஆசையாக இருந்தது.

ஸ்வேதாவிடம் வீட்டுச் சேதி எதுவும் சொல்லவில்லை. என் தோளுக்கு வந்துவிட்டாள். போன வாரம் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, “அப்பா எம்புட்டு உசரம்மா? போன்ல மூஞ்சி மட்டுந்தான தெரியுது” என்று கேட்டாள். நிலைப்படியில் தலை இடிக்கும் என்றேன். அதன் பிறகு அந்த நிலைப்படியை அடிக்கடி அண்ணாந்து பார்க்கிறாள்.

கடைசியாக ஒன்று. பிள்ளைக்காக வீட்டை ஏற்றுக்கொண்டு பெரியவர் யாராவது கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளையின் அப்பா இருக்கும்போது அவர் போடுவதுதான் முறையாம். வர முடியாவிட்டால் வேறு வழியும் இருக்கிறது என்றார் ஞானவேல் அண்ணன். என் தம்பி கந்தவேலும் நான் வரட்டுமா அக்கா என்று கேட்டான். இரண்டும் வேண்டாம் என்றுவிட்டேன். விற்கச் சொன்னவரே பிள்ளைக்காக வாங்கிக்கொள்ளட்டும். தை பிறந்ததும் பதிவுக்கு நாள் குறிக்கச் சொல்லியிருக்கிறேன். திட்ட வேண்டுமானால் போனில் வேண்டாம், நேரில் வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் திட்டுங்கள். கேட்டுக்கொள்கிறேன்.

பூம்பாறை வேலப்பர் உங்களுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார். சென்ட், சாக்லேட், போர்வை என்று எதையும் வாங்கிச் சுமக்க வேண்டாம். திரும்பிப் போகும் டிக்கெட்டை மட்டும் எடுக்காமல் வாருங்கள்.

என்றும் உங்கள்,
சுமதி