மணிக்கு எழுபது

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுகிறேன். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் ஆரம்பிக்கிறேன். இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று அண்ணி சிரிப்பார். கம்பெனி கொடுத்த இந்த வீடு ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும்தான். நான் போனில் பேசினால் உங்கள் மாப்பிள்ளை காதில் விழும். அவரை விட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஸ்டோர்காரர் காதில் விழும். அதனால்தான் கடிதம்.

எங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்திருக்கிறார். முன்பிருந்தவர் கத்துவார். இவர் கத்துவதே இல்லை. கூட்டிப் பெருக்குகிறவரைக்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுகிறார். வந்ததும் ஒவ்வொருவருடைய வருஷச் சம்பளத்தையும் பெரிய எழுத்தில் அடித்துப் பலகையில் ஒட்டச் சொன்னார். சம்பளப் பிரிவு என்பதால் ஒட்டியது நான்தான். ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரத்து இருநூறு என்று தன் பெயருக்கு நேராகப் பார்த்த வெட்டும் மெஷின்காரர், “ஏம்மா, இவ்ளோ பணத்தை நான் எங்க கொண்டு போய் வெச்சேன்?” என்று என்னிடம் கேட்டார். அன்றைக்கு எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இப்போது சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதத்திலிருந்து வேலைக்காரர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாதாம், மணிக் கணக்குதானாம். சம்மதம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். மாற்றும் விதத்தையும் அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். மாதம் பதினைந்தாயிரத்து அறுநூறை முப்பதால் வகுத்தால் நாளுக்கு ஐந்நூற்று இருபது. அதை எட்டால் வகுத்தால் மணிக்கு அறுபத்தைந்து. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கேட் பூட்டியிருக்கும், வேலை இருபத்தாறு நாள்தான். வகுக்கும்போது முப்பது, கொடுக்கும்போது இருபத்தாறு. மாதம் இரண்டாயிரத்து எண்பது சத்தமில்லாமல் போய்விடும். நியாயமாக இருபத்தாறால் வகுத்தால் மணிக்கு எழுபத்தைந்து வர வேண்டும். இதை மேனேஜரிடம் சொன்னேன். “நீங்க ஆபீஸ் ஆளுங்க, உங்களுக்கு மாசச் சம்பளம்தான். ஏன் கவலைப்படுறீங்க?” என்றார்.

பசை ஒட்டும் பிரிவில் வயதான ஓர் அம்மா இருக்கிறார். பசை அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நான் சம்பளம் கொடுக்கும் ஜன்னலுக்கு வந்து, “எனக்கு இந்த வகுத்தல் கிகுத்தல் எல்லாம் ஓடாது. நீ போடுன்னா கையெழுத்து போடுறோம்” என்றார். அவருக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள். பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். இவரை மெஷின் பிரிவுக்கு ஃபோர்மேன் ஆக்கப்போகிறார்களாம். மூன்று வருஷம் வேலையை விட்டுப் போகமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். “நீ கணக்கு போடத்தானே சம்பளம் வாங்குற? தீர்ப்பு சொல்லவா?” என்று கேட்டார். இவர் வேலை போனால் ஒரே வாரத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதை இவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

நான் என்ன செய்யட்டும் என்று இரண்டு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை

*

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கையில் கிடைத்தது. நமக்கு எதற்கு ஊர்வம்பு, கொடுத்த வேலையைப் பார் என்று எழுதியிருந்தீர்கள். என் நல்லதற்குத்தான் எழுதினீர்கள், தெரியும். ஆனால் அது வருவதற்கு முன்பே காரியம் கைமீறிவிட்டது.

லாரியில் சரக்கு ஏற்றும் இடத்தில் எல்லோரையும் நிற்க வைத்தார்கள். நோட்டீஸை என்னையே படிக்கச் சொன்னார் மேனேஜர். என் வாயால் படித்தால் நம்புவார்கள் என்று அவருக்குத் தெரியும். மணிக்கு அறுபத்தைந்து என்று படித்து முடித்தேன். பசை அக்கா, “அது கெடக்கட்டும், மாசக் கடைசில கைக்கு எவ்ளோ வரும்?” என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். மேனேஜர் முந்திக்கொண்டு, வேலை செய்தால் அதிகமாகவே வரும் என்றார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. நான் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை அண்ணா. தொகையைச் சொன்னேன். பதின்மூன்றாயிரத்து ஐந்நூற்று இருபது என்றேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் பேனாவைத் தொடவில்லை. இவர் கடைசி வரிசையில் நின்றுகொண்டு, சுத்தமாக இருந்த கையை வேஸ்ட் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மேனேஜர் அன்றும் கத்தவில்லை. “மேடம் கணக்குல கெட்டிக்காரங்க” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். நாலு நாள் கழித்து அறுபத்தைந்து எழுபது ஆனது. ஜெயித்துவிட்டோம் என்று கைதட்டி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பசை அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக் காதோடு, “இன்னும் ஆயிரத்துச் சொச்சம் இடிக்குதுல்ல? தெரியும்மா. என் மருமக போட்டுக் காட்டினா. கேட்டுக்கு வெளியே அறுபதுக்கே ஆள் நிக்குது, என்ன பண்ணச் சொல்ற?” என்றார். சும்மா தலையை ஆட்டினேன்.

மறுநாள் என் முறை வந்தது. எனக்கும் மணிக் கணக்காம். மணிக்குத் தொண்ணூறு, எல்லோரையும்விட அதிகம். அதை நாலு பேர் கேட்கும்படி மேனேஜர் சொன்னார். ஆனால் ஜன்னல் திறந்திருக்கும் நேரம்தான் கணக்கு. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். நடுவில் யாராவது வந்தால் ஆள் வேண்டும் என்பதால் நான் நாற்காலியை விட்டு எழுந்து போகக்கூடாது. அதற்குப் பெயர் காத்திருப்பு, அதற்குக் காசு கிடையாது. பதினெட்டாயிரம் வாங்கிய நான் இப்போது அதில் பாதிதான் கண்ணில் பார்க்கிறேன். ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருப்பதையும் சேர்த்து வகுத்துப் பார்த்தேன். மணிக்கு நாற்பது வருகிறது. பகலில் ஜன்னலை மூடிய பிறகு, அதன் கம்பிக்கு இந்தப் பக்கம் ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து நின்றால் எதிர் அறைக் கண்ணாடி வழியாக மேனேஜர் நிமிர்ந்து பார்க்கிறார்.

வேலையை விடலாம்தான். விட்டால் மேனேஜரின் கோபம் இவர் தலையில் விடியும். இவராக விட முடியாது, எழுதிக் கொடுத்திருக்கிறார். இவர் என்னைத் திட்டவில்லை அண்ணா. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். இப்போது எழுத வந்தது வேறு விஷயம்.

போன வாரம் மேனேஜர் இவரைக் கூப்பிட்டு, வீட்டில் வருமானம் குறைந்துவிட்டதே என்று ரொம்பவும் வருத்தப்பட்டாராம். பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் பொண்ணை அனுப்புங்கள், பேக்கிங்கில் போட்டுக்கொள்கிறேன், அவளுக்கும் எழுபது தருகிறேன் என்றாராம். இவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் இதைச் சொன்னார். “ஒரு வருஷம்தானே, அப்புறம் படிக்கட்டும்” என்றார். என் ஜன்னலுக்கு வருகிற அத்தனை பேரும் ஒரு வருஷத்துக்கு என்று வந்தவர்கள்தான். பசை அக்கா ஒரு வருஷத்துக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது.

வீட்டில் இடம் இல்லாமல் மாடிப்படியில் உட்கார்ந்து படிக்கிற பாப்பா இதைக் கேட்டுவிட்டாள். பயப்படுவாள் என்று நினைத்தேன். உள்ளே ஓடி வந்து, “அம்மா, மணிக்கு எழுபதுன்னா வருஷத்துக்கு எவ்ளோ?” என்று கேட்டாள். அவளே பெருக்கினாள். ஒரு லட்சத்து எழுபத்து நாலாயிரத்துச் சொச்சம் வந்தது. அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் வீடும் சின்னது. அண்ணியின் அம்மாவும் கூட இருக்கிறார்கள். இந்த நிலைமையில் வாயைத் திறந்து கேட்பது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பாப்பாவுக்கு ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டாள். உங்கள் சின்னவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பாள். ராத்திரியில் விளக்கு எரிய விட்டுத் தூங்கிவிடுவாள், அது ஒன்றுதான் கெட்ட பழக்கம். அண்ணி அணைத்துவிட்டால் போதும். அவள் செலவுக்கு என்னால் முடிந்ததை மாதாமாதம் அனுப்பிவிடுவேன்.

ஒரே ஓர் உதவி செய்யுங்கள். எனக்குப் பதில் எழுத வேண்டாம். இவருக்கு எழுதுங்கள். ‘மருமகளைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது, இங்கே காலேஜில் சேர்த்துப் படிக்க வைக்க ஆசைப்படுகிறேன், அனுப்பி வையுங்கள் மாப்பிள்ளை’ என்று நீங்களாகவே கேட்பதுபோல் எழுதுங்கள். தாய்மாமன் கேட்டால் இவரால் மறுக்க முடியாது. மறுக்க அவருக்கும் மனசு இருக்காது, எனக்குத் தெரியும்.

என்னைப் பற்றி அதில் ஒரு வரியும் வேண்டாம். நான் எப்படி இருக்கிறேன் என்றுகூடக் கேட்காதீர்கள். நானும் படிக்கிற கடிதம் அது; இவர் முன்னால் வைத்து என்னால் அழ முடியாது.

நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். பரீட்சை முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. சீக்கிரம் எழுதுங்கள் அண்ணா.

உங்களையே நம்பியிருக்கும்,
தங்கை