அமுங்கிப்போன பாஸ்கா

ஏப்ரல் 11, சனிக்கிழமை. எனக்கு எழுபத்தெட்டு வயது நான்கு மாதம்.

நாளை உக்ரேனியர்களின் ஈஸ்டர். தாயின் ஊர் ஈஸ்டர் ரொட்டியான பாஸ்கா வேண்டுமென்று பேத்தி அடம்பிடித்தாள். என் உக்ரேனிய மருமகள் ஒக்சானா, ஆவடியில் கற்ற தமிழில், "வேணாம் கண்ணு, கடை கேக் போதும். என் கை பட்டா அமுங்கிடும்" என்றாள்.

மூன்றாண்டுகளுக்கு முன் அவள் சுட்ட பாஸ்கா நடுவில் அமுங்கியது. அப்படி அமுங்கினால் குடும்பத்தில் சாவு விழும் என்பது அவர்கள் நம்பிக்கை. மறுமாதமே அவள் தந்தை போரில் இறந்தார். அதன்பின் அவள் மாவைத் தொடவில்லை.

வேதியியல் படித்த நான், சாவுக்கும் ரொட்டிக்கும் தொடர்பில்லை, பாதி வேக்காட்டில் ஓவனைத் திறந்தால் எந்த ரொட்டியும் அமுங்கும் என்று இன்றும் விளக்கினேன்.

"நான் தொறக்கவே இல்லையே, அத்தை."

உண்மைதான். அவள் குளிக்கப் போயிருந்தபோது, வெந்துவிட்டதா என்று பார்க்கத் திறந்தவள் நான்.